கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு: மேசை வேலையில் வலி வந்தால் எங்கிருந்து சரிபார்ப்பது

வலி வந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது புது நாற்காலி. பணம் கொடுத்து வாங்கிய பிறகும் வலி விடுவதில்லை. பல நேரம் கோளாறு மேசையின் உயரத்தில் இருப்பதுதான் காரணம். மேசையை ஏற்றவோ இறக்கவோ முடியாது என்பதால் அதை யாரும் சந்தேகப்படுவதே இல்லை. இங்கே அறிகுறி வாரியாகப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத திருத்தம் முதலில் வரும், வாங்க வேண்டியது கடைசியில் வரும்.

தேவையான சாமான்கள்: ஓர் இஞ்ச் டேப், போன் கேமரா, ஒரு குளியல் துண்டு, இரண்டு மூன்று ஏ4 பேப்பர் கட்டு. 500 தாள் உள்ள ஒரு கட்டு ஏறத்தாழ 5 செ.மீ. உயரம் வரும். முட்டுக்கொடுக்கவும் அளந்து பார்க்கவும் அதைவிட வசதியான பொருள் எந்த அலுவலகத்திலும் கிடையாது.

மேசையைத் தொடும் முன்

சில அறிகுறிகளுக்கு நாற்காலியைத் திருகிக்கொண்டிருக்கக் கூடாது. இடுப்பு வலியோடு காலில் பலம் குறைவது, நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுவது, தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் உணர்ச்சி மரத்துப்போவது, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது: இதில் எது வந்தாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைச்சதை வலித்தாலும் அப்படியே. இரத்தம் உறைந்த கட்டியாக இருக்கலாம். தோளும் கையும் வலிக்கும்போது கூடவே நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால், மவுஸ் பிடித்ததால் வந்தது என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள். படுத்தாலும் விடாத இரவு வலி, காய்ச்சல், காரணம் தெரியாத எடைக்குறைவு ஆகியவற்றையும் மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு வலி தொடங்குகிறது, அப்போது என்ன வேலை ஓடிக்கொண்டிருந்தது, சனி ஞாயிறில் எப்படி இருந்தது. அலுவலகத்தில் வந்து இறங்கும்போதே இடுப்பு பிடித்திருந்தால் பைக் பயணத்தையும் வீட்டு மெத்தையையும் சந்தேகப்படுங்கள். பதினொரு மணிக்கு மேல் தொடங்கி, எழுந்து நாலு எட்டு நடந்தால் குறைகிறது என்றால் உட்காரும் அமைப்பில் கோளாறு. லீவு நாளிலும் அதே அளவு வலித்தால், மேசையை மட்டும் மாற்றித் தீராது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை: முழங்கை உயரம்

நாற்காலியில் முதுகு பதிய உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதியட்டும். தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான்; ஓரிரு செ.மீ. கீழே போனாலும் பரவாயில்லை.

5 அடி 2 அங்குலம் உயரமுள்ள ஒருவருக்கு இந்த அளவு ஏறத்தாழ 62 செ.மீ. வரும். அலுவலக மேசையோ இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. கீபோர்டின் தடிமன் 2 செ.மீ. சேர்த்தால் 77. விரல் போய்ச் சேர வேண்டிய இடம் முழங்கைக்கு 15 செ.மீ. மேலே இருக்கிறது. அந்த 15 செ.மீ.யை உடம்பு எப்படியாவது ஈடுகட்டியாக வேண்டும்: தோளைத் தூக்கும், முழங்கையை அகட்டும், மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும். கழுத்து வலி, தோள் வலி, மணிக்கட்டு வலி என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வது பல சமயம் இந்த ஒரே உயர வித்தியாசத்தைத்தான்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் நாற்காலியை, முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். கால் தொங்கும், தொங்கிய அளவுக்குப் பாதத்தின் கீழே பேப்பர் கட்டையோ ஃபுட்ரெஸ்டோ வையுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண அலுவலக நாற்காலியின் இருக்கை பெரும்பாலும் 50 முதல் 52 செ.மீ. வரைதான் ஏறும். மேலே சொன்ன உயரக்காரருக்கு 55 வரை தேவைப்படும். மிச்சமுள்ள வித்தியாசத்துக்கு மேசையின் அடியில் திருகும் கீபோர்டு டிரே போட வேண்டும். அது 6 முதல் 8 செ.மீ. வரை இறக்கிக் கொடுக்கும். வாங்கும் முன் தொடைக்கும் டிரேயின் அடிப்பக்கத்துக்கும் நடுவே உள்ளங்கை நுழைய இடம் இருக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் முட்டி இடித்துக்கொண்டே இருக்கும். வீட்டில் மர மேசை என்றால், தச்சரிடம் சொல்லிக் காலில் இரண்டு மூன்று அங்குலம் அறுத்துவிடுவதுதான் நல்ல வழி. தயங்க வேண்டாம், ஃபுட்ரெஸ்டைவிட அதுதான் நிரந்தரம்.

முழங்கை கீபோர்டைவிட உயரத்தில் வரும் நெட்டையான ஆட்களுக்கு இது அப்படியே தலைகீழ். மேசைக் காலுக்கு அடியில் கட்டை கொடுத்து ஏற்ற வேண்டும், மானிட்டரையும் கூடவே ஏற்ற வேண்டும்.

பிடரி இறுகுகிறது, மாலையில் தலையின் பின்பக்கம் வலிக்கிறது

திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். தூரம் ஒரு கை நீளம், 50 முதல் 75 செ.மீ. நேராக உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதனால் பக்கவாட்டில் போனை வைத்து, நீங்கள் மறந்துபோய் வேலை செய்யும் இருபது நிமிடத்தை வீடியோ எடுங்கள். காது தோளுக்கு நேர் மேலே இல்லாமல் முன்னால் போயிருந்தால் மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள்.

எழுத்து சிறியது. உயரம் சரியாக இருந்தும் மூக்கு திரையை நோக்கிப் போவதற்கு இதுதான் முதல் காரணம். திரை அமைப்பில் எழுத்தின் அளவை 125 சதவீதமாக்கி இரண்டு நாள் பாருங்கள். முதல் நாள் பூதாகரமாகத் தெரியும், பிறகு பழகிவிடும்.

காகிதம் மேசையில் படுத்துக் கிடக்கிறது. பில்லையும் வவுச்சரையும் பார்த்துப் பதிவு செய்யும் கணக்குப் பிரிவில் கழுத்து வலிக்கு மானிட்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காகிதத்தைச் சாய்த்து நிறுத்தும் தாங்கி ஒன்றை கீபோர்டுக்கும் மானிட்டருக்கும் நடுவே வையுங்கள்.

கண்ணாடி. பைஃபோகல், புரோகிரஸிவ் கண்ணாடி போட்டவர்கள் அடிப்பகுதி வழியாகத் திரையைப் படிக்க முகவாயைத் தூக்குவார்கள். இவர்களுக்கு மேலே சொன்ன கண் மட்ட விதி பொருந்தாது. மானிட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துத் தாழ இறக்கி, திரையைச் சற்று மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் மானிட்டர் ஸ்டாண்ட் வாங்கிக் கொடுத்த பிறகு நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வலி கூடுவது இதனால்தான்.

இரண்டு மானிட்டர் இருந்தால், அதிகம் பார்ப்பதை நேர் எதிரே வையுங்கள். இரண்டையும் சரிபாதி பார்ப்பவர்கள் மட்டும் இரண்டின் இணைப்பை மூக்குக்கு நேரே வைத்து, லேசாக உள்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு டைப் செய்கிறீர்களா? அதற்கு மேசையில் எந்த மருந்தும் இல்லை, ஹெட்செட் கேட்டு வாங்குங்கள்.

மவுஸ் பிடிக்கும் பக்கத்துத் தோள் மட்டும் வலிக்கிறது

கீபோர்டின் நடுப்பகுதி உங்கள் தொப்புளுக்கு நேரே இருக்கிறதா, அல்லது எழுத்துகள் உள்ள பகுதி நேரே இருக்கிறதா? எண் பட்டைகளோடு கூடிய நீளக் கீபோர்டில் ஜி, எச் எழுத்துகளின் நடுவை உடம்பின் நடுவுக்குக் கொண்டுவந்தால், வலப்பக்க எண் பட்டை மவுஸை வெளியே தள்ளிவிடும். கை நாள் முழுக்கப் பக்கவாட்டில் விரிந்தே நிற்கும். எண்களை அதிகம் அடிக்காதவர்கள் எண் பட்டை இல்லாத சிறிய கீபோர்டுக்கு மாறினால் மவுஸ் எட்டு பத்து செ.மீ. உள்ளே வரும். எண் பட்டை தேவையென்றால் மவுஸை இடக்கைக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் தடுமாறும், அப்புறம் கை பழகும்.

முழங்கை விலாவை ஒட்டி இருக்கும்போதே மவுஸ் கைக்குள் அடங்க வேண்டும். சுட்டியின் வேகத்தைக் கூட்டினால் கை அசையும் தூரம் குறையும். ஆர்ம்ரெஸ்ட் உயரமாக இருந்து தோளைத் தூக்கினாலும் இதே வலி வரும், தாழ்ந்திருந்து உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தாலும் வரும். ஏற்றி இறக்க முடியாத ஆர்ம்ரெஸ்ட் மேசை விளிம்பில் இடித்து உங்களை உள்ளே போகவிடாமல் தடுத்தால், இருக்கைக்கு அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி அதை அகற்றிவிடுங்கள். ஆர்ம்ரெஸ்ட் இல்லாத நாற்காலியில் மேசையை ஒட்டி உட்காருவது, இருந்தும் தள்ளி உட்காருவதைவிட மேல்.

விரல் மரத்துப்போகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

எந்த விரல் என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி: இவை மரத்து, ராத்திரி தூக்கத்தில் எழுப்பி, கையை உதறினால் சரியானால், மணிக்கட்டுக்குள் போகும் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது. மேசையில் செய்ய வேண்டியது மணிக்கட்டை நேராக்குவது. கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கியே இருக்கும். ஜெல் வைத்த ரிஸ்ட்பேட் டைப் செய்து முடித்து ஓய்வெடுக்கும்போது உள்ளங்கையை வைக்கத்தான். அதன்மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டே அடித்தால், நெருங்கிய இடத்தை இன்னும் நெருக்குகிறீர்கள். இந்தக் கோளாறு சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பகாலம் ஆகியவற்றோடும் சேர்ந்து வரும். ஆகவே இரவில் மரத்துப்போவது இரண்டு மூன்று வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலோ கையிலிருந்து டம்ளர் நழுவினாலோ அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் முழங்கையைப் பாருங்கள். அங்கே இடித்துக்கொண்டால் சுரீரென்று மின்சாரம் பாய்வதுபோல் இருக்குமே, அதே அல்நார் நரம்புதான். கடினமான ஆர்ம்ரெஸ்ட்டிலோ மேசையின் கூர் விளிம்பிலோ முழங்கையை ஊன்றும் பழக்கம்தான் வழக்கமான காரணம். விளிம்பில் துணியோ நுரைப்பட்டையோ ஒட்டுங்கள். கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்குவதையும் விடுங்கள்.

கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டு மட்டும் வலித்தால் குற்றவாளி போனாக இருக்க வாய்ப்பு அதிகம். செங்குத்து மவுஸ் முன்கை முறுக்கிக்கொள்வதைக் குறைக்கும், ஆனால் உள்ளங்கை அளவுக்குப் பொருந்தாத பெரியதை வாங்கினால் விரலை நீட்டி நீட்டி வேறு இடத்தில் வலி வரும். ஒரு வாரம் வைத்துப் பார்க்கத் தந்தால் மட்டும் வாங்குங்கள்.

கீழ்முதுகு, இடுப்பு

முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை உங்களுக்கு ஆழம் அதிகம். உயரம் குறைந்தவர்கள் முதுகைச் சாய்க்காமல் இருக்கை விளிம்பிலேயே உட்காருவது இதனால்தான். “நேரா உட்காரு” என்று அவர்களை எத்தனை முறை சொன்னாலும் நடக்காது. இருக்கை நகர்த்தும் லிவர் இருந்தால் உள்ளே தள்ளுங்கள். இல்லாவிட்டால் முதுகுக்குப் பின்னால் கெட்டியான குஷன் கொடுத்து ஆழத்தைக் குறையுங்கள்.

அடுத்தது இடுப்புத் தாங்கல். அது பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள குழிவில் வர வேண்டும். இல்லாவிட்டால் துண்டைச் சுருட்டி அங்கே வையுங்கள். இரண்டு நாளில் நிம்மதி தெரிந்தால் தாங்கல் உள்ள நாற்காலிக்குச் செலவிடலாம், தெரியாவிட்டால் அந்தப் பணம் மிச்சம்.

பின்சாய்வை 90 டிகிரியில் பூட்டி வைக்காதீர்கள். 100 முதல் 110 வரை சாய்ந்திருப்பது முதுகெலும்பின் வட்டுகளுக்கு நல்லது. சாய்வுப் பூட்டைத் திறந்துவிட்டு, இருக்கைக்கு அடியில் உள்ள பெரிய குமிழைத் திருகி, உங்கள் எடைக்கு லேசாகத் தள்ளினால் சாயும்படி வையுங்கள். ஆண்கள் பின்பாக்கெட் பர்ஸை எடுத்துவிட வேண்டும். ஒரு புட்டம் உயர்ந்தே இருந்தால் இடுப்பு நாள் முழுக்கக் கோணலாக நிற்கும், காலில் இழுக்கும் வலியும் வரலாம்.

எப்படி உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்தாக வேண்டும். ஏற்றி இறக்கும் மேசை வாங்கியவர்களும் இதை மறக்கிறார்கள். மூன்று மணி நேரம் அசையாமல் நின்றால் இடுப்பு வலி காலுக்கு இறங்கும், அவ்வளவே. தண்ணீர் பாட்டிலைச் சிறியதாக வைத்துக்கொண்டால் நிரப்ப அடிக்கடி எழ வேண்டி வரும்.

தொடை மரத்தல், கால் கனத்தல்

இருக்கை விளிம்பு தொடையின் அடியில் அழுத்துகிறது. ஃபுட்ரெஸ்ட் வையுங்கள். நாற்காலியில் சம்மணமிடும் பழக்கம் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் கால் தரைக்கு எட்டாததுதான் காரணம். மேசையின் அடியில் குனிந்து பாருங்கள்: யுபிஎஸ், சிபியு, குப்பைக்கூடை, சாப்பாட்டுப் பை எல்லாம் கால் வைக்கும் இடத்தில் இருக்கும். கால் நீட்டும் இடத்தைக் காலி செய்யாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கெட்டிச் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனால், நாற்காலியைப் பிடித்து நிறுத்தவே தொடைச் சதை ஓயாமல் வேலை செய்யும். மென்மையான ரப்பர் போன்ற பாலியூரித்தேன் சக்கரம் ஐந்தையும் மாற்றுங்கள்.

கண் எரிச்சல், நெற்றி வலி

ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, உங்களுக்குப் பின்னாலும் இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்க வேண்டும். திரையை அணைத்துப் பாருங்கள்; கறுப்புக் கண்ணாடியில் டியூப்லைட் தெரிந்தால் திரையின் சாய்வை மாற்றுங்கள். திரையின் வெளிச்சத்தை, பக்கத்தில் பிடித்த வெள்ளைத் தாளின் அளவுக்குக் குறையுங்கள். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் கண் வறளும், அதோடு திரையைப் பார்க்கும்போது இமைப்பதும் குறைந்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடிக்கு அப்பால், இருபது நொடி பார்ப்பது எளிய பழக்கம். கண் பரிசோதனைக்குப் போகும்போது கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தைச் செ.மீ.யில் எழுதி எடுத்துப்போங்கள். அதைச் சொல்லாவிட்டால் புத்தகம் படிக்கும் தூரத்துக்குத்தான் கண்ணாடி எழுதுவார்கள்.

நாற்காலி தானே இறங்குகிறது

காலையில் சரிசெய்த உயரம் மதியத்துக்குள் மாறினால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. காலையிலும் மாலையிலும் இருக்கை உயரத்தை அளந்து பாருங்கள். 2 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் கேஸ் சிலிண்டரின் சீல் தேய்ந்துவிட்டது. சிலிண்டரைப் பிரிக்கவோ சூடுகாட்டவோ கூடாது. உள்ளே நைட்ரஜன் உயர் அழுத்தத்தில் இருக்கிறது. நாற்காலி முழுதையும் தூக்கிப்போடவும் தேவையில்லை. சிலிண்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும். மேலும் கீழும் திருகு இல்லாமல் இறுக்கமாகச் செருகப்பட்டிருப்பதால், பைப் ரெஞ்சும் சுத்தியலும் வைத்திருக்கும் நாற்காலி மெக்கானிக் எளிதில் மாற்றிவிடுவார்.

லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது

திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கும் பொருளில் கழுத்தையும் கையையும் ஒன்றாகக் காப்பாற்ற முடியாது. லேப்டாப்பை மூன்று பேப்பர் கட்டின் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டும் மவுஸும் இணையுங்கள். தனிக் கீபோர்டு இல்லாமல் லேப்டாப் ஸ்டாண்ட் மட்டும் வாங்குவது கழுத்து வலியைத் தோளுக்கு மாற்றுவதுதான். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்புக்குச் சுருட்டிய துண்டு, உயரத்துக்குக் கெட்டியான குஷன், காலுக்குக் கட்டை மூன்றும் வேண்டும்.

முறையான மதிப்பீடு கேட்பது

மேலே உள்ளவற்றைச் செய்து இரண்டு வாரம் ஆகியும் குறையவில்லை, அல்லது டிரே, நாற்காலி போன்றவற்றை நிறுவனம்தான் வாங்கித் தர வேண்டும் என்றால் பணியிட மதிப்பீடு கேளுங்கள், அதாவது விஷயம் தெரிந்த ஒருவர் வந்து உங்கள் இருக்கையையும் மேசையையும் அளந்து பார்ப்பது. பிரிட்டனில் 1993 முதலே திரை முன் வேலை செய்வோரின் இருக்கையையும் மேசையையும் மதிப்பிடுவது சட்டப்படி முதலாளியின் கடமை. பிரிட்டன், ஐரோப்பா நிறுவனங்களின் சென்னை, கோவைக் கிளைகளில் இருப்பவர்கள் உலகளாவிய விதிமுறையில் இது இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். மற்ற இடங்களில் பாதுகாப்புப் பிரிவோ அட்மினோ பிசியோதெரபிஸ்ட்டையோ தொழில்வழிச் சிகிச்சையாளரையோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வரவழைக்கலாம்.

மெயிலில் “முதுகு வலிக்கிறது, நல்ல சேர் வேண்டும்” என்று எழுதினால் அது சேர் கோரிக்கையாகப் பட்ஜெட்டுக்குப் போய் உறங்கும். இப்படி எழுதுங்கள்: “ஆறு வாரமாக வலது தோளில் வலி. காலை பதினொரு மணிக்குத் தொடங்கி மாலையில் கூடுகிறது, விடுமுறையில் இல்லை. மேசை 75 செ.மீ., என் முழங்கை உயரம் 62 செ.மீ. நாற்காலியை முழுக்க ஏற்றி ஃபுட்ரெஸ்ட் வைத்தும் இன்னும் உயரம் போதவில்லை. பணியிட மதிப்பீடு செய்து தரக் கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தேதிக்குள் என்று தெரிவிக்கவும்.” பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றையும் இணையுங்கள்.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் மேசையைச் சுத்தம் செய்யாதீர்கள், நிமிர்ந்தும் உட்காராதீர்கள். அவர் பார்க்க வேண்டியது வழக்கமான நாளைத்தான். நல்ல மதிப்பீட்டாளர் முதல் பத்து நிமிடம் எதையும் தொடாமல் நீங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், பிறகு டேப் எடுப்பார், அங்கேயே திருத்தி உட்காரவைத்துப் பார்ப்பார். அவர் மதிப்பெண் போடும் முறைகளில் 2012இல் வந்த ரோசா (ROSA) கணினி முன் செய்யும் அலுவலக வேலைக்கென்றே அமைந்தது. பத்துக்கு ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் உடனே மேற்கொண்டு கவனிக்க வேண்டும் என்று பொருள். 1993இல் வந்த ரூலா (RULA) என்ற முறையில் உச்சம் ஏழு. ஏழு வந்தால் உடனடி மாற்றம் தேவை. அறிக்கையில் எண் மட்டும் இருந்து, எந்த அளவு எதனால் தவறு என்று இல்லையென்றால் திருத்தித் தரச் சொல்லுங்கள். டேப்பையே எடுக்காமல் நாற்காலிப் பட்டியலை நீட்டுபவர் செய்வது விற்பனை.

தினம் ஒரு மேசை மாறும் அலுவலகத்தில் இருப்பவர்கள் மதிப்பீட்டின் முடிவில் ஐந்து எண்களைக் கேட்டு வாங்கிப் போனில் சேமியுங்கள்: இருக்கை உயரம், இருக்கை ஆழம், ஆர்ம்ரெஸ்ட் உயரம், திரையின் மேல்விளிம்பு உயரம், கண்ணிலிருந்து திரைக்குள்ள தூரம். எந்த மேசைக்குப் போனாலும் இரண்டு நிமிடத்தில் அமைத்துக்கொள்ளலாம். மாற்றங்கள் செய்து மூன்று வாரம் கழித்து, அதே கோணத்தில் புகைப்படம் எடுத்து, வலிக் குறிப்பையும் சேர்த்து அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். இரண்டாவது பார்வைக்கு அவரை வரவழைக்க அது போதும்.